தீர விசாரித்த நினைவு

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அன்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். "இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகளின் வாழ்வை உண்மையாகக் காட்டுவது புனைவா, நினைவா?" என்பது இன்று நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. நினைவே என்று வாதிட நான் வந்திருக்கிறேன்.

இந்நாட்டில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இது வெறும் இலக்கியக் கேள்வியாக இருந்துவிட முடியாது. இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே இங்கே குடியேறலாம் என்று 1946ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டியது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் நம்மவர்களுக்கு வழி பிறந்தது. ஆகவே நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இந்த மண்ணில் பிள்ளையாக இருந்தவர்களின் வாழ்வைச் சொல்ல நம் வீடுகளில் பாட்டனும் இல்லை, பாட்டியும் இல்லை. நம் பிள்ளைகளோ அந்தக் காலத்தில் எழும்பிய புறநகர்களில் வாழ்கிறார்கள். அந்தக் காலத்துப் போராட்டங்களும் வழக்குகளும் எல்லோருக்குமாகத் திறந்துவைத்த பள்ளிகளில் படிக்கிறார்கள். அந்தக் காலத்தை அறிய அவர்களுடைய கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை முன்வைத்தார். நினைவு நம்பத் தகாதது, வயது ஏற ஏற அதில் இனிப்பு கூடிக் கசப்பு குறைந்துவிடும் என்றார். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்ற முதுமொழியையும் துணைக்கு அழைத்தார். அடுத்து, ஹார்ப்பர் லீ 1960ஆம் ஆண்டில் எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருப்பதைச் சுட்டிக்காட்டி, நிற வெறியின் கொடுமையை உலகுக்கு உணர்த்தியது ஒரு நாவல்தான் என்றார். மூன்றாவதாக, வளரும் பிள்ளையின் உள்ளத்துக் குரலைப் புனைவால்தான் எட்ட முடியும் என்று சொல்லி, ஜே. டி. சாலிஞ்சர் 1951ஆம் ஆண்டில் எழுதிய 'தி கேட்சர் இன் தி ரை' நாவலின் நாயகன் ஹோல்டனைக் காட்டினார். மூன்றும் வலுவான வாதங்களே. அந்த இரண்டு நாவல்களின் மேலும் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவற்றைச் சிறுமைப்படுத்தி என் கட்சியை உயர்த்த நான் விரும்பவில்லை.

அந்த முதுமொழியிலிருந்தே தொடங்குகிறேன். நினைவு பிசகக்கூடியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தீர விசாரிப்பதே மெய் என்றால், எதை நம்மால் விசாரிக்க முடியும் என்று கேட்க வேண்டும். ஹார்ப்பர் லீயின் நாவலில் கதை சொல்லும் ஸ்கவுட் என்ற சிறுமி சொல்வது சரிதானா என்று விசாரிக்க மேகோம்ப் என்ற ஊரே உலகில் இல்லை. தன்வரலாறு எழுதுகிறவரோ ஊரின் பெயரைச் சொல்கிறார், ஆண்டைச் சொல்கிறார், தம் பெயரைச் சொல்கிறார். சொன்னதற்குப் பொறுப்பேற்று நம் முன்னால் நிற்கிறார். அண்டை வீட்டார் மறுக்கலாம், பழைய செய்தித்தாள் மறுக்கலாம், கூடப் பிறந்தவர்களே மறுக்கலாம். இந்தக் குறுக்கு விசாரணைக்குத் துணிந்துதான் அவர் எழுத உட்காருகிறார்.

டோரிஸ் கியர்ன்ஸ் குட்வின் அமெரிக்க அதிபர்களின் வரலாற்றை எழுதிப் பெயர் பெற்றவர். 1943இல் பிறந்து, நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பகுதியில் ராக்வில் சென்டர் என்ற ஊரில் வளர்ந்தவர். தம் பிள்ளைப்பருவத்தை 'வெயிட் டில் நெக்ஸ்ட் இயர்' என்ற நூலாக 1997இல் எழுதியபோது, தம் நினைவை மட்டும் நம்பி அவர் எழுதவில்லை; தம்மோடு தெருவில் விளையாடியவர்களைத் தேடிச் சென்று பேசி, பழைய ஏடுகளைப் புரட்டி, வரலாற்றாசிரியருக்குரிய முறையில் தம் நினைவையே சோதித்துப் பார்த்தார். அப்படிச் சோதித்த பிறகும் அந்தப் பருவத்தின் இனிமை குறைந்துவிடவில்லை. ஆறு வயதில் தந்தை அவருக்கு ஒரு சிவப்பு நிறப் புள்ளிப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, பேஸ்பால் ஆட்டத்தைப் பந்துக்குப் பந்து குறித்துவைக்கக் கற்றுக்கொடுக்கிறார். பிற்பகல் முழுவதும் அந்தச் சிறுமி வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ஆட்டத்தைக் குறித்துக்கொள்கிறாள். மாலையில் தந்தை வேலையிலிருந்து திரும்பியதும் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை ஒன்று விடாமல் விவரிக்கிறாள். தான் சொல்லாவிட்டால் ஆட்டம் என்ன ஆயிற்று என்று அப்பாவுக்குத் தெரியவே தெரியாது என்று அவள் நம்புகிறாள். எல்லா விவரமும் மறுநாள் செய்தித்தாளில் வரும் என்பதைத் தந்தை அவளிடம் சொல்லவே இல்லை. ஒரு நிகழ்வை முதலிலிருந்து முடிவுவரை சுவை கெடாமல் சொல்லும் கலையைத் தாம் கற்றுக்கொண்டது அங்கேதான் என்று, பின்னாளில் பெரிய வரலாற்றாசிரியரான அந்த மகள் எழுதுகிறார்.

எதிரணியினர் சொன்ன அந்த இனிப்பு இதில் இருக்கிறது. ஆனால் கசப்பை இந்த நூல் மறைக்கவில்லை. அதே தெருவில் கோடைக்காலம் வந்தால் போலியோ பயமும் வந்துவிடுகிறது. 1952ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் சுமார் 58,000 பேரைப் போலியோ தாக்கியது, 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜோனஸ் சால்க் கண்டுபிடித்த தடுப்பூசி பலன் தருகிறது என்று 1955 ஏப்ரல் 12 அன்று அறிவிக்கப்படும் வரை, கோடை விடுமுறையில் நீச்சல் குளத்துக்குப் போக ஆசைப்படும் பிள்ளையைப் பெற்றோர் தடுத்துக்கொண்டே இருந்தார்கள். அரசுக்குள் கம்யூனிஸ்டுகள் ஊடுருவிவிட்டதாகக் குற்றம் சாட்டிவந்த செனட்டர் மெக்கார்த்தியின் விசாரணைகள் 1954இல் தொலைக்காட்சியில் ஓடியபோது, அந்தத் தெருப் பிள்ளைகளும் தங்களுக்குள் ஒரு விசாரணை மன்றம் அமைத்து, ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சாட்டி விளையாடத் தொடங்கினார்கள் என்று அந்நூல் சொல்கிறது. நாட்டின் அச்சம் பிள்ளைகளின் விளையாட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதை இவ்வளவு கிட்டத்திலிருந்து காட்டிய பக்கங்களை நான் அதிகம் படித்ததில்லை.

நினைவுக்குள் கற்பனை கலந்துவிடும் என்றும் எதிரணியினர் சொன்னார்கள். அதற்கு மாயா ஏஞ்சலூ 1969இல் வெளியிட்ட 'ஐ நோ வை தி கேஜ்டு பேர்ட் சிங்ஸ்' நூலே பதில். ஆர்கன்சா மாநிலத்தில் ஸ்டாம்ப்ஸ் என்ற சிற்றூர். அங்கே கறுப்பர் பகுதியில் கடை வைத்திருக்கும் பாட்டியிடம் அவர் வளர்கிறார். ஒருநாள் சிறுமிக்குத் தாங்க முடியாத பல்வலி. கறுப்பர்களுக்கு மருத்துவம் பார்க்கும் பல் மருத்துவர் பக்கத்தில் எங்கும் இல்லை; ஊரில் இருக்கும் ஒரே பல் மருத்துவர் வெள்ளையர். பொருளாதாரப் பெருவீழ்ச்சியின்போது பணமின்றித் தவித்த அந்த மருத்துவருக்குப் பாட்டி கடன் கொடுத்து உதவியிருக்கிறார். அந்த நம்பிக்கையில் பேத்தியை அழைத்துக்கொண்டு போய், பின்வாசலில் நின்று கேட்கிறார். ஒரு கறுப்பின மனுஷியின் வாயில் கை வைப்பதைவிட நாயின் வாயில் கை வைக்கலாம் என்று அந்த மருத்துவர் சொல்லிவிடுகிறார். பேத்தியை வெளியே நிற்க வைத்துவிட்டுப் பாட்டி மட்டும் உள்ளே போகிறார்.

உள்ளே என்ன நடந்தது? வெளியே வலியோடு நிற்கும் சிறுமி தன் மனத்துக்குள் ஒரு காட்சியைக் காண்கிறாள். அதில் பாட்டி பேருருக் கொண்டு எழுகிறார். மருத்துவரை நடுநடுங்க வைத்து, பொழுது சாய்வதற்குள் ஊரை விட்டே ஓடு என்று கட்டளையிடுகிறார். வரும் வழியில் அங்கே இருந்த நர்ஸைக் கோழித்தீவன மூட்டையாக மாற்றிவிடுகிறார். இந்தக் கற்பனை முழுவதும் அந்நூலில் சாய்வெழுத்தில் தனியே அச்சாகியிருக்கிறது. பிறகு உண்மை வருகிறது. பாட்டி அன்று உள்ளே போய்ச் செய்ததெல்லாம், முன்பு கொடுத்த கடனுக்கு வட்டியாக 10 டாலர் கேட்டு வாங்கியதுதான். அந்தக் கடனுக்கு முன்பு வட்டி பேசியிருக்கவே இல்லை. மருத்துவம் பார்க்க மறுத்தவரிடம் அதையாவது வாங்குவோம் என்று வாங்கிக்கொண்டு, பேத்தியைப் பேருந்தில் ஏற்றி டெக்சர்கானாவில் இருக்கும் கறுப்பினப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போகிறார். தான் கற்பனை செய்த முடிவே தனக்கு அதிகம் பிடித்திருந்தது என்றும் ஏஞ்சலூ எழுதுகிறார்.

நடுவர் அவர்கள் இந்த இடத்தைக் கவனமாக நோக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் நாவல் எழுதியிருந்தால் எது நடந்தது, எது நடந்திருக்கக் கூடாதா என்று பிள்ளை மனம் ஏங்கியது என்று நமக்குப் பிரித்துக் காட்ட வேண்டிய கடமை அவருக்கு இல்லை. தன்வரலாறு என்பதால் அந்தக் கடமை வந்தது. அப்படிப் பிரித்துக் காட்டிய பிறகுதான் இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் தெரிகிறது. அந்தக் காலத்தில் தெற்கு மாநிலத்தில் வளர்ந்த ஒரு கறுப்பினச் சிறுமிக்குத் தன் பாட்டி எவ்வளவு பெரியவளாகத் தோன்றினாள், அதே பாட்டியால் அந்த ஊரில் எவ்வளவு குறைவாகத்தான் செய்ய முடிந்தது என்ற இரண்டு உண்மைகளும் ஒரே பல்வலியில் வந்துவிடுகின்றன. பிள்ளையின் உள்ளத்துக் குரலைப் புனைவால்தான் எட்ட முடியும் என்ற மூன்றாவது வாதத்துக்கும் இது பாதி விடை.

மீதி விடைக்கு ஹோல்டனிடம் வருகிறேன். பதினாறு வயதுப் பையன், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, வீட்டுக்குப் போகாமல் டிசம்பர் குளிரில் நியூயார்க்கில் சுற்றித் திரிகிறான். அந்தக் குரல் அசலானது, படிக்கிறவரை விடாது. ஆனால் அது ஏறக்குறைய மூன்று நாட்களின் கதை. அவனுடைய அப்பாவும் அம்மாவும் நாவலில் அனேகமாகத் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறார்கள். விடுதி அறை எடுக்க அவன் கையில் பணம் இருக்கிறது. அந்தப் பணம் எந்த உழைப்பிலிருந்து வந்தது என்று அவன் யோசிக்க வேண்டியதில்லை. வளர்வது என்பது மூன்று நாள் காரியமா? இந்த நாட்டில் அந்தக் காலத்தில் பிறந்தவர்களின் தன்வரலாறுகளைப் படித்தால், பக்கத்துக்குப் பக்கம் பெரியவர்கள் நிற்கிறார்கள்: கணக்கு எழுதும் பாட்டி, அலுவலகத்திலிருந்து திரும்பும் அப்பா, அடுத்த வேளை உணவுக்கு வழி தேடும் அம்மா. பிள்ளை தானாக வளர்ந்துவிடவில்லை, வளர்க்கப்பட்டது என்ற உண்மை நினைவில்தான் முழுமையாகத் தெரிகிறது. ஹோல்டனை வாசித்து நான் நெகிழ்ந்திருக்கிறேன். ஆனால் ஐம்பதுகளின் அமெரிக்கக் குடும்பம் எப்படி நடந்தது என்பதை அவனிடமிருந்து என்னால் தெரிந்துகொள்ள முடியவில்லை.

இனி இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். அதுதான் எதிரணியின் மிகப் பெரிய பலம் என்பதால் அதற்குச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்ள நடுவரின் அனுமதியைக் கோருகிறேன்.

முப்பதுகளின் அலபாமாவில் நடக்கும் ஹார்ப்பர் லீயின் நாவலில், செய்யாத குற்றத்துக்காக டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி தண்டிக்கப்பட்டு, பின்னர் சிறைக் காவலர்களால் சுட்டுக் கொல்லப்படுகிறார். அவருக்காக வாதாடும் வெள்ளை வழக்கறிஞர் ஆட்டிகஸ். கதையைச் சொல்பவள் அவருடைய மகள் ஸ்கவுட். டாமுக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளை நாவலில் நாம் எங்கே பார்க்கிறோம்? டாம் இறந்துவிட்ட செய்தியைச் சொல்ல ஆட்டிகஸ் அந்த வீட்டுக்குப் போகும்போது, வாசலில் ஒரு சின்னஞ்சிறு பெண் வந்து நிற்கிறாள். தலை நிறையக் குட்டிக் குட்டிச் சடைகள். ஒவ்வொரு சடையின் நுனியிலும் பளிச்சென்று ஒரு ரிப்பன் முடிச்சு. வாய் நிறையச் சிரித்தபடி அவரை நோக்கி வருகிறாள். படி இறங்கத் தெரியாத வயது. ஆட்டிகஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு விரலை நீட்டுகிறார். அதைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்குகிறாள். அருமையான காட்சிதான். ஆனால் இதை ஸ்கவுட் நேரில் பார்க்கவில்லை. பார்த்த டில் என்ற சிறுவன் சொல்லக் கேட்டு நமக்குச் சொல்கிறாள். தகப்பனை இழந்த பிள்ளை, கேட்டதைச் சொல்பவரின் வாய்மொழி வழியாக ஒரு பத்தியில் வந்து, மறைந்துவிடுகிறது. அதன் பிறகு அந்த வீட்டில் சோற்றுக்கு என்ன செய்தார்கள், அந்தச் சிறுமி எந்தப் பள்ளிக்குப் போனாள், தன் அப்பா எப்படி இறந்தார் என்பதை எந்த வயதில் யாரிடமிருந்து அறிந்தாள் என்று அந்த நாவலால் நமக்குச் சொல்ல முடியாது. ஸ்கவுட்டுக்கு அது தெரியாது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தச் சிறுமியின் இடத்திலிருந்து எழுந்த குரலைக் கேட்க வேண்டுமானால் நாம் தன்வரலாற்றுக்குத்தான் போக வேண்டும். ஆன் மூடி 1940இல் மிசிசிப்பியின் சென்டர்வில் அருகே, குத்தகை விவசாயக் கூலிகளின் மகளாகப் பிறந்தவர். ஏறக்குறைய ஒன்பது வயதிலேயே வெள்ளையர் வீடுகளில் வேலைக்குப் போனவர். 'கமிங் ஆஃப் ஏஜ் இன் மிசிசிப்பி' என்ற அவருடைய நூல் 1968இல் வந்தது. அதில் ஒரு திரையரங்கக் காட்சி வருகிறது. நாள்தோறும் கூட விளையாடும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைத் திரையரங்கில் பார்த்த மகிழ்ச்சியில், சிறுமியான ஆன் அவர்கள் பின்னாலேயே வெள்ளையருக்கான முன்கூடத்துக்குள் ஓடிவிடுகிறாள். அம்மா பதறிப்போய் அவளை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டு வருகிறார். அன்று படம் பார்க்காமலே வீடு திரும்புகிறார்கள். அம்மாவின் கோபத்துக்குக் காரணம் அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. அந்தத் தோழர்கள் வெள்ளையர் என்பதே அன்றுதான் அவளுக்கு உறைக்கிறது. அவர்களுடைய வீடு, பள்ளி, தெரு எல்லாமே தன்னுடையதைவிட ஏன் நன்றாக இருக்கின்றன என்று அன்றுதான் அவள் யோசிக்கத் தொடங்குகிறாள்.

1955 ஆகஸ்ட் 28 அன்று, சிகாகோவிலிருந்து மிசிசிப்பியில் உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எம்மட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்ட இருவரையும், வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விடுவித்தது. அப்போது ஆனுக்கும் 14 வயது. அவர் வேலை செய்த வீட்டின் எஜமானி, அந்தப் பையனுக்கு என்ன வயது தெரியுமா, உன் வயதுதான் என்று அவரிடமே சொல்கிறார். அதுவரை தமக்குப் பசியைப் பற்றிய பயம் இருந்தது, நரகத்தையும் சாத்தானையும் பற்றிய பயம் இருந்தது என்றும், கறுப்பாகப் பிறந்த ஒரே காரணத்துக்காகக் கொல்லப்படலாம் என்ற புதிய பயம் அன்று வந்து சேர்ந்தது என்றும் அவர் எழுதுகிறார். சாத்தானிடமிருந்து தப்பிக்கத் தேவாலயத்தில் வழி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்தப் புதிய பயத்துக்கு என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இதே பெண்தான் 1963 மே 28 அன்று ஜாக்சன் நகரின் வுல்வொர்த் கடையில், கறுப்பருக்கு உணவு மறுக்கப்பட்ட மேடையில் அமர்ந்து, தலைமேல் கெட்சப்பும் கடுகுக் குழம்பும் கொட்டப்பட்ட நிலையிலும் எழாமல் இருந்தார். திரையரங்க வாசலிலிருந்து இழுத்துக்கொண்டு வரப்பட்ட பிள்ளை அந்த மேடைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பதை, இடையில் ஓர் ஆண்டுகூட விடாமல், ஒரே நூலில் நாம் தொடர்ந்து படிக்க முடிகிறது.

இழப்பவர்களின் பக்கத்திலிருந்தும் நாவல்கள் வந்திருக்கின்றனவே என்று எதிரணியினர் கேட்கக்கூடும். கட்டாயம் வந்திருக்கின்றன. டோனி மாரிசனின் முதல் நாவலான 'தி புளூயஸ்ட் ஐ' 1970இல் வெளிவந்தது. நீலக் கண்கள் வேண்டுமென்று ஏங்கும் கறுப்பினச் சிறுமியின் கதை அது. தம்மோடு தொடக்கப் பள்ளியில் படித்த ஒரு தோழி நீலக் கண்கள் வேண்டுமென்று சொன்னதிலிருந்தே அந்த நாவல் பிறந்தது என்று மாரிசனே அதன் பின்னுரையில் எழுதியிருக்கிறார்; கதை நடக்கும் ஓஹையோவின் லொரேன் அவர் பிறந்து வளர்ந்த ஊர். புனைவின் சிறந்த எடுத்துக்காட்டே இப்படி ஒரு பள்ளிக்கூட நினைவின் மேல்தான் எழுந்து நிற்கிறது.

புனைவு என்றால் நாவல் மட்டுமா? ஐம்பதுகளின் பிள்ளைப்பருவம் என்றதும் இன்றைக்கும் பலருடைய மனத்தில் எழும் வெள்ளை வேலி போட்ட வீடு, கழுத்தில் முத்துமாலையோடு சமைக்கும் அம்மா, மாலையில் அறிவுரை சொல்லும் அப்பா என்ற படம் தொலைக்காட்சித் தொடர்கள் கொடுத்தது. அத்தகைய தொடர்களில் புகழ்பெற்ற 'லீவ் இட் டு பீவர்' 1957 அக்டோபர் 4 அன்று, சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவிய அதே நாளில், ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்குச் சரியாகப் பத்து நாட்களுக்கு முன்புதான் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரத்துக்கு அதிபர் ஐசன்ஹோவர் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவை அனுப்பியிருந்தார். அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் படிக்க வேண்டும். அதற்கு ராணுவம் தேவைப்பட்டது.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் மெல்பா பட்டில்லோ பீல்ஸ். பேர்ல் ஹார்பர் மேல் குண்டு விழுந்த 1941 டிசம்பர் 7 அன்று பிறந்தவர். பள்ளி வாசலை மிதித்தபோது வயது 15. அந்த ஆண்டு முழுவதும் அவர் நாட்குறிப்பு எழுதிவந்தார். 1994இல் 'வாரியர்ஸ் டோண்ட் க்ரை' என்ற நூலை எழுதியபோது அந்தக் குறிப்புகள் அவருக்குக் கைகொடுத்தன. ஆகவே வயது ஏறியதால் நினைவு இனித்துவிட்டது என்ற குற்றச்சாட்டு இங்கே எடுபடாது. பள்ளி நடைவழியில் ஒரு மாணவன் அவருடைய கண்களில் அமிலத்தை வீசுகிறான். காவலுக்கு வந்த ராணுவ வீரர் உடனே தண்ணீர்க் குழாய்க்கு இழுத்துப்போய்க் கண்களைக் கழுவிக்கொண்டே இருந்ததால் பார்வை தப்புகிறது. நாட்டில் ஒரு பகுதிப் பிள்ளைகள் மாலையில் தொலைக்காட்சி முன் சிரித்துக்கொண்டிருந்த வாரங்களில் இன்னொரு பிள்ளை இப்படிப் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள். தொடர் எழுதியவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை; அவர்கள் தேர்ந்தெடுத்த தெருவில் இந்தப் பிள்ளை இல்லை. அப்படிப்பட்ட தெருக்கள் உண்மையிலேயே கட்டப்பட்டும் இருந்தன. வில்லியம் லெவிட்டின் நிறுவனம் 1947இலிருந்து லாங் ஐலண்டில் எழுப்பிய லெவிட்டவுனில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் அந்த வீடுகளின் ஒப்பந்தத்திலேயே வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று எழுதிவைத்திருந்தார்கள்.

நிறைவாக ஒரு நூலைச் சொல்லி முடிக்கிறேன். 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் ஆணையின்படி, ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் மேற்குக் கரையிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். அப்போது ஏழு வயதாக இருந்த ஜீன் வாகாட்சுகி ஹூஸ்டன், தம் கணவர் ஜேம்ஸ் ஹூஸ்டனோடு சேர்ந்து 1973இல் 'ஃபேர்வெல் டு மான்சனார்' என்ற நூலை எழுதினார்.

குடும்பம் டெர்மினல் தீவிலிருந்து 48 மணி நேரத்தில் வெளியேற வேண்டும். மீன்பிடித் தொழில் செய்த தந்தையை முன்பே எஃப்.பி.ஐ. கைது செய்துவிட்டது. அவசரத்தில் விற்பவர்களிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கப் பழைய பொருள் வியாபாரிகள் வீடு வீடாக வருகிறார்கள். அம்மா பொத்திப் பொத்தி வைத்திருந்த நீலமும் வெள்ளையுமான பீங்கான் தொகுதிக்கு ஒருவர் 15 டாலர் தருகிறேன் என்கிறார். குறைந்தது 200 டாலர் பெறும் என்கிறார் அம்மா. அவர் பதினேழரை டாலர் வரை ஏறுகிறார். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒரு தட்டை எடுத்து அவர் காலடியில் வீசி உடைக்கிறார். வியாபாரி பதறி ஓடிய பிறகும் நிறுத்தவில்லை. கண்ணீர் வழிய, கிண்ணமும் கோப்பையுமாக ஒவ்வொன்றாக எடுத்து, மரத்தரையில் எல்லாம் நொறுங்கிக் கிடக்கும் வரை உடைக்கிறார்.

முகாமில் நடந்தது இதைவிட ஆழமான சேதம். அவர்கள் அடைக்கப்பட்ட மான்சனார் முகாமில் வீட்டில் சமைக்க வழியில்லை. பொது உணவுக்கூடங்களில் வரிசையில் நின்று சாப்பிட வேண்டும். பிள்ளைகள் தங்கள் நண்பர்களோடு வேறு வேறு கூடங்களுக்குப் போய்ச் சாப்பிடத் தொடங்கினார்கள். முகாமுக்கு வருமுன் பெரிய மர மேசையைச் சுற்றி ஒன்றாக உட்கார்ந்து உண்ட குடும்பம் ஒன்றாக உண்பதையே விட்டுவிட்டது. சில ஆண்டுகள் இப்படிச் சாப்பிட்டதில்தான் தம் குடும்பம் குடும்பமாக இருப்பது நின்றுபோனது என்று ஜீன் எழுதுகிறார். முள்வேலியையும் காவல் கோபுரத்தையும் எந்த நாவலாசிரியரும் எழுதிவிடலாம். ஒரு குடும்பம் சிதைந்த இடம் சாப்பாட்டு மேசை என்பதை, அந்த மேசையில் உட்கார்ந்த பிள்ளைதான் கண்டு சொல்ல முடிந்தது.

அதையும் அவர் கால் நூற்றாண்டுக்கு மேல் சொல்லவில்லை. அந்த முகாமிலேயே பிறந்த அவருடைய உறவுக்காரப் பையன் வளர்ந்து வந்து, நான் பிறந்த இடம் எப்படி இருந்தது என்று கேட்டபோதுதான் அவரால் வாய் திறக்க முடிந்தது. அப்படி மௌனம் காத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த விசாரணை ஆணையம் 1981இல் நகரம் நகரமாக அமர்வுகள் நடத்தியபோது 750க்கும் மேற்பட்டோர் முன்வந்து சாட்சி சொன்னார்கள். அவர்களில் பலர் முகாமில் அடைபட்டபோது பிள்ளைகளாக இருந்தவர்கள், தம் சொந்த மக்களிடம்கூட அதுவரை அதைப் பேசாதவர்கள். எதிரணித் தலைவர் கேட்ட 'தீர விசாரித்தல்' அங்கே நடந்தது. இன வெறுப்பும், போர்க்காலப் பீதியும், அரசியல் தலைமையின் தோல்வியுமே அந்தச் சிறைவைப்புக்குக் காரணம் என்று ஆணையம் முடிவு சொன்னது. 1988 ஆகஸ்ட் 10 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தின் வழியாக அரசு மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கியது. புனைவுக்கும் நினைவுக்கும் இடையே தீர்ப்புச் சொல்லும்போது, அந்த ஆணையத்தின் முன் எழுந்து நின்று பேசியவர்களின் சாட்சியத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுமாறு நடுவர் அவர்களைப் பணிவுடன் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.